கையெழுத்துக்கு மட்டும் நான் இன்ஜினியரா?

என் சம்பளம் 16,500 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வருவது 14,500 சொச்சம். படித்தது பி.இ., எலக்ட்ரிக்கல் அண்டு எலக்ட்ரானிக்ஸ். முடித்தது 2016இல். வேலை கோயம்புத்தூரில், பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில்.

பேனல் போர்டு என்றால் பல பேருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி, ஸ்பின்னிங் மில், அடுக்குமாடி வீடு, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் கீழ்த்தளத்தில் ஒரு மூலையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற கரண்ட் அதற்குள் நுழைந்துதான் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் பிரிந்து போகிறது. உள்ளே ஒரு போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் போதும். சூடேறும், உருகும், தீப்பிடிக்கும். அப்படி ஆகாது என்று சோதித்துப் பார்த்து, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்புவது என் வேலை. அந்த ரிப்போர்ட்டில் என் பெயருக்குக் கீழே டெஸ்டிங் இன்ஜினியர் என்று அச்சடித்திருக்கிறார்கள். சம்பளப் பதிவேட்டில் அதே பெயருக்கு எதிரே அசிஸ்டன்ட் என்று எழுதியிருக்கிறார்கள்.

இது இரண்டாவது கம்பெனி. முதல் கம்பெனியிலும் இதே கதைதான். இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன். இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கரை எப்படிப் பிடிப்பது என்று நான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த பையன், போன மாதத்திலிருந்து நான் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் 'அப்ரூவ்டு பை' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். அவன் சம்பளம் 24,000. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பையன், இன்றைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், சந்தேகம் வந்தால் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறான். என் கோபம் அவன்மேல் இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு இருக்கிறது. இனிமேலும் அதை விழுங்கிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

நான் பிளஸ் டூ முடித்தது 2012. அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? சென்னையை விட்டு வெளியே வந்தால் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே கரண்ட் கிடையாது. எங்கள் அப்பா பல்லடம் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். தறி ஓடினால்தான் மீட்டர் ஏறும், மீட்டர் ஏறினால்தான் வாரக் கூலி. கரண்ட் போனதும் தறிக்குடோன் சத்தம் ஒரே அடியாக அடங்கிப்போகும். அப்பா வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பகல் முழுக்கப் போய் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும், அப்போது எழுந்து ஓடுவார். அம்மா சோத்துப்போசியோடு பின்னாலேயே போவாள்.

அந்த வருஷம் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நாடே கரண்டுக்குத் தவிக்கிறது, எலக்ட்ரிக்கல் படித்தால் வேலை தேடி வரும். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார், தறி ஓனர் சொன்னார், கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து நோட்டீஸ் கொடுத்துச் சொன்னார்கள். கவுன்சலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகம் போனோம், நானும் அப்பாவும். அவர் சென்னை பார்த்தது அதுதான் முதல் தடவை. திரையில் ஓடிக்கொண்டிருந்த காலி இடங்களை அவரால் படிக்க முடியவில்லை. "நீயே பாத்து எடு கண்ணு, கரண்டுப் படிப்பா எடு" என்றார். எடுத்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. டியூஷன் ஃபீஸுக்கு அரசாங்கச் சலுகை கிடைத்தது. பஸ் ஃபீஸ், டெவலப்மென்ட் ஃபீஸ், டிரெய்னிங் ஃபீஸ் என்று ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு பெயரில் வாங்கினார்களே, அதற்கெல்லாம் சலுகை கிடையாது. அதற்குத்தான் கல்விக் கடன், அம்மாவின் தோடு, அப்பா தறி ஓனரிடம் வாங்கிய முன்பணம். முன்பணம் வாங்கினால் அந்த ஓனரை விட்டு வேறு தறிக்குப் போக முடியாது. என் படிப்புக்காக அவர் தன்னை அடமானம் வைத்தார். வேறு எப்படிச் சொல்வது?

கல்லூரியில் என்ன கொடுத்தார்கள்? மெஷின் லேபில் ஒரு மோட்டாரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றோம். ஒருத்தன் கனெக்ஷன் கொடுப்பான், மற்றவர்கள் ரீடிங்கை எழுதிக்கொள்வோம். மோட்டார் ஓடாத வாரம் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து ரீடிங்கை எழுதச் சொல்வார்கள். சொல்லிக் கொடுத்த மேடம் எம்.இ. படித்தவர், எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர், மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி என்று ஸ்டாஃப் ரூமில் அழுததை நாங்களே பார்த்தோம். 2024இல் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் ஒரு உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில், அதுவும் 200க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இப்படி. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில் மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போன முகங்களை நாங்கள் பார்க்காததா?

கடைசி வருஷம் ஒரு கம்பெனி கேம்பஸுக்கு வந்தது. என்னை எடுத்தது. மாதம் 8,000 ரூபாய், டிரெய்னிங் காலம் ஒரு வருஷம், மூன்று வருஷத்துக்கு பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டும். கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் போட்டோவும் இருந்தது. கம்பெனி பெயர் இருந்தது. சம்பளம் மட்டும் இல்லை. அந்த ஃபிளெக்ஸைப் பார்த்து அடுத்த வருஷம் எத்தனை அப்பாக்கள் நிலத்தை விற்றுப் பெண்ணைச் சேர்த்தார்களோ தெரியாது. என் முகத்தைக் காட்டி அவர்களிடம் பணம் வாங்கினீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அந்த 2016இல்தான் மதுரையில் கல்விக் கடன் வசூலுக்கு வந்தவர்களின் தொல்லை தாங்காமல் இன்ஜினியரிங் படித்த ஒரு பையன் உயிரை விட்டான். டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படித்து அப்பா கேட்டிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினார். வேறு எதுவும் பேசவில்லை. "நீ சாப்டியா, நல்லா இருக்கியா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "பேங்குக்காரங்க வந்தா நான் பாத்துக்கறேன் சாமி, நீ மனசு விட்றாத" என்றார். அறுபதை நெருங்குகிற மனுஷன். தறிச் சத்தத்தில் காது பாதி போனவர். அவர் பார்த்துக்கொள்வாராம்.

8,000 ரூபாயில் ஹாஸ்டலுக்குப் பாதி. கடன் தவணைக்கு மீதி. வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியவில்லை. படிக்க வைத்தால் வீடு நிமிரும் என்று சொன்னார்களே, வேலைக்குப் போன மகளுக்கு அம்மா அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

ஆனாலும் அந்த வேலையை நான் நேசித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவுமே உங்களுக்குப் புரியாது. கல்லூரியில் கற்காததை எல்லாம் அந்த ஷெட்டில் கற்றேன். லக் கிரிம்ப் பண்ண, ஃபெரூல் போட, பஸ்பார் வளைக்க, டிராயிங்கைப் பார்த்து ஒவ்வொரு கம்பியாகத் தேடிப் போக, வயர்மேன் அண்ணன்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு டிகிரி கிடையாது, ஐடிஐகூடச் சிலருக்குக் கிடையாது. ஆனால் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார்கள். கான்டாக்டர் 'டக்' என்று இழுக்கிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார்கள். இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937இல் செய்த ஊர் இந்தக் கோயம்புத்தூர். இந்த ஊரின் கையில் அந்த வித்தை இன்னும் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில்தான் சம்பளத்தைப் பற்றிக் கேட்காமலே இருந்தேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவர்கள் பணமாக்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பேனல். ராத்திரி எட்டு மணி, லாரி வாசலில் நிற்கிறது. டிஸ்பாட்ச்காரர் கத்திக்கொண்டிருக்கிறார், கையெழுத்தைப் போட்டு விடுங்கள் என்று. இன்சுலேஷன் டெஸ்ட், ஹை வோல்டேஜ் டெஸ்ட் எல்லாம் சரி. சி.டி. என்கிற கரண்ட் டிரான்ஸ்பார்மரின் கம்பிகளைக் கடைசியாக ஒரு தடவை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஆர் ஃபேஸ் சி.டி.யிலிருந்து மீட்டருக்குப் போகிற கம்பியைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. லக் கிரிம்ப் ஆகவே இல்லை, சும்மா செருகி வைத்திருந்தது. பார்வைக்கு இருந்த மாதிரியே இருக்கும். கன்டின்யூட்டி வைத்துப் பார்த்தாலும் காட்டும். ஆனால் லாரியின் குலுக்கலில் அது கழன்று, அங்கே போய் லோடு ஏறிய பிறகு சி.டி.யின் செகண்டரி திறந்து நின்றால் என்ன ஆகும் என்று எலக்ட்ரிக்கல்காரர்களைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் அந்த முனையில் ஏறும். கிட்டே நிற்கிற ஆள் போவான், பேனல் எரியும். அது ஆஸ்பத்திரி.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். லாரி நின்றது. எல்லா சி.டி. கம்பிகளையும் அவிழ்த்து மறுபடி கட்ட வைத்து, மறுபடி டெஸ்ட் பண்ணி, பன்னிரண்டு மணிக்குமேல் கையெழுத்துப் போட்டேன். ஹாஸ்டல் கேட் பூட்டியிருந்தது. வார்டன் வாயில் வந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வருஷம் எனக்குக் கொடுத்த இன்கிரிமென்ட் 500 ரூபாய். எனக்குப் பிறகு வந்து, சைட்டுக்குப் போகிற பையனுக்கு 3,000. போய்க் கேட்டேன். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், அவர் என்றைக்கும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "அம்மிணி, அவன் சைட்டுக்குப் போறான். நீ போவியா?" என்றார். போகிறேன் சார், அனுப்புங்கள் என்றேன். "பொம்பளப் புள்ளைய அனுப்பி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். சைட்டில் பாத்ரூம் இல்லை என்றார். பாத்ரூம் கட்ட வேண்டியது யார் வேலை? என்னை அனுப்பாமல் இருப்பதும் நீங்கள்தான், போகவில்லை என்று சம்பளத்தைக் குறைப்பதும் நீங்கள்தான் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று 1976இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நான் வைத்த மெக்கர் ஒரு மெகா ஓம் குறைத்துக் காட்டியதா? நான் சோதித்த பேனல் ஏதாவது திரும்பி வந்ததா? "உனக்கென்ன, நாளைக்குக் கல்யாணம் ஆனா வீட்டுக்காரர் சம்பாதிப்பார்" என்றார் கணக்கர். என் சம்பளத்துக்கும் அப்போது நான் பார்த்தே இராத ஒரு ஆளின் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெளியே போய்விடலாம் என்று பார்த்தால், கோர் கம்பெனி விளம்பரங்களில் பாதிக்கு மேல் ஆண்கள் மட்டும் என்று போட்டிருக்கும். போடாத இடத்தில் நேரில் போனால் சொல்வார்கள். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் 1943இலேயே லலிதா என்ற பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டார். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவர். இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் அவர். பிறகு கல்கத்தாவில் வேலை பார்த்தார், பக்ரா நங்கல் அணையின் மின்வேலையில் அவர் கை இருந்தது. அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர், என் அப்பா தறி ஓட்டுகிறவர், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் திறந்த கதவு, எண்பது வருஷம் கழித்து எங்களைப் போன்றவர்கள் வரும்போது மூடிக்கொள்வது ஏன்?

அரசாங்க வேலைக்கு முயற்சி பண்ணவில்லையா என்று கேட்பீர்கள். பண்ணினேன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் என்றால் அப்போது தொடக்க அடிப்படைச் சம்பளமே 39,800. 2018 டிசம்பர் கடைசியில் 325 இடங்களுக்குப் பரீட்சை நடந்தது. எழுதினேன், கிடைக்கவில்லை, சரி. 2020இல் மறுபடி அறிவித்தார்கள், 600 உதவிப் பொறியாளர்கள், அதில் 400 எலக்ட்ரிக்கல். ஷிப்ட் முடிந்து வந்து, ஹாஸ்டல் வராந்தா விளக்கில் உட்கார்ந்து படித்தேன். 2021இல் தேதி சொன்னார்கள். தள்ளி வைத்தார்கள். காத்திருந்தோம். 2022இல் வாரியத்தின் ஆள் எடுப்பை எல்லாம் டிஎன்பிஎஸ்சிக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி அந்த அறிவிப்பையே ரத்து பண்ணினார்கள். மற்ற பதவிகளும் சேர்த்து 5,318 இடங்கள், ஒரே அறிவிப்பில் இல்லாமல் போயின. கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். ஒரு அரசு அறிவித்தது, இன்னொரு அரசு ரத்து செய்தது. இரண்டுக்கும் காரணம் இருக்கும். வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங் போனவர்கள் இருக்கிறார்கள், கல்யாணத்தைத் தள்ளி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன காரணம் சொன்னீர்கள்? வாரியத்தில் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தொழிற்சங்கங்கள் தொண்டை வற்றக் கத்துகின்றனவே, அது யார் காதில் விழுந்தது?

என்னோடு படித்த பையன் ஒருவன் அதே வாரியத்தில் கேங்மேன் வேலைக்குப் போனான். ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்று அறிவித்த வேலை. கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். ஏறினான். 2021இல் வேலை கிடைத்தது, முதலில் தொகுப்பூதியம் 15,000 ரூபாய். எங்கள் வகுப்பில் இரண்டாவதாக வந்தவன் அவன். கேங்மேன் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. மழையிலும் புயலிலும் கம்பத்தில் தொங்கிச் சாகிறவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு இன்னும் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் கொத்தனாருக்கு நாள் கூலி 1,000 ரூபாய், அதுவும் அவர் உடம்புக்குப் போதாது. நான் கேட்பது வேறு. அந்தப் பையனை நான்கு வருஷம் எலக்ட்ரோமேக்னடிக் தியரி படிக்க வைத்து, அவன் அப்பாவிடம் லட்சக்கணக்கில் வாங்கி, கம்பத்தில் ஏற்றிவிட்டு, பொறுப்பை யாரும் ஏற்காமல் போய்விட்டீர்களே, அது எப்படி?

கல்யாணமாகி, 2021இல் நான் கர்ப்பமாக இருந்தேன். ஐந்தாம் மாதம். எச்.ஆர். கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "ஆறு மாசம் லீவுன்னா கம்பெனி தாங்காதும்மா. நீங்களே எழுதிக் கொடுத்துட்டா நல்லபடியா அனுப்பி வைப்போம். பின்னால வாங்க, பாத்துக்கலாம்" என்றார். வெள்ளைத்தாளையும் அவரே நீட்டினார். தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகுதான் ஒரு இஎஸ்ஐ மருந்தகத்தில் வரிசையில் நின்றபோது அங்கே இருந்த அக்கா ஒருவர் சொன்னார். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், பிரசவ விடுப்பு 26 வாரத்துக்கான பணத்தை இஎஸ்ஐ கழகம் கொடுக்கும். கம்பெனி கையிலிருந்து அந்தச் சம்பளத்துக்கு ஒரு ரூபாய் போகாது. அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி தப்பு. எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு மாதமும் என் சம்பளத்தில் அதற்குப் பிடித்தவர்களுக்குத் தெரியாதா? அந்த எச்.ஆருக்குத் தெரியாதா? தெரிந்துதானே தாளை நீட்டினார்? ஒரு ரூபாய் செலவில்லாத விஷயத்துக்கு ஐந்து மாதக் கர்ப்பிணியை வெளியே அனுப்ப எப்படி மனசு வந்தது? அவர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். போனில் அவர்கள் படத்தைக் காட்டியிருக்கிறார்.

நல்லபடியா அனுப்பி வைப்போம் என்றார்களே, அதையாவது செய்தார்களா? அனுபவச் சான்று கேட்டேன். தருகிறோம் என்றார்கள். தொட்டில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் நின்றேன். ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் அசிஸ்டன்ட் என்று இருந்தது. டெஸ்டிங் என்ற சொல்லே இல்லை. கேட்டதற்கு, ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். என் கையெழுத்து இருக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் அவர்கள் ஃபைலில் அடுக்கடுக்காக இருக்கின்றன. இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் கன்சல்டன்டுகளிடம், இவங்கதான் எங்க டெஸ்டிங் இன்ஜினியர் என்று முன்னால் நிறுத்தினார்கள். கஸ்டமருக்குக் காட்ட ஒரு பதவி, எனக்குத் தர ஒரு பதவியா?

அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எலக்ட்ரிக்கல் துறையில் மேலே போக அனுபவத்தைக் காட்ட வேண்டும். மின் உரிம வாரியத்தில் சூப்பர்வைசர் சான்றிதழ் வாங்கப் பட்டம் மட்டும் போதாது, அனுபவச் சான்று வேண்டும். அது இருந்தால் காண்ட்ராக்டரிடம் நல்ல சம்பளத்துக்குப் போகலாம், பின்னால் சொந்தமாகவே வேலை எடுத்துச் செய்யலாம். அது இல்லாவிட்டால் எத்தனை வருஷம் உழைத்தாலும் ஃபிரஷர்தான். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியபின் வேலை தேடினேன். அனுபவம் என்ன என்றார்கள். தாளைக் காட்டினேன். "அசிஸ்டன்டா இருந்திருக்கீங்க. நடுவுல கேப் வேற. ஃபிரஷர் சம்பளம்தான் தர முடியும்" என்றார்கள். 13,000க்கு மறுபடி முதலிலிருந்து சேர்ந்தேன். இரண்டாவது கம்பெனியிலும் பதிவேட்டில் அசிஸ்டன்ட், ரிப்போர்ட்டில் இன்ஜினியர். இரண்டு முதலாளிகளும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். எப்படி இருவருக்கும் ஒரே யோசனை வந்தது? ஊர் முழுக்க இது வழக்கமாகிவிட்டதால்தானே?

மார்க்கெட் ரேட் என்கிறார்கள். எலக்ட்ரிக்கலுக்கு இப்போது மதிப்பில்லை, ஐடி பக்கம் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். மார்க்கெட் என்று ஒரு ஆள் வந்து என் சம்பளத்தை எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, இவளுக்கு 500, அவனுக்கு 3,000 என்று எழுதியது ஒரு மனுஷன். வேலைக்கு மதிப்பில்லை என்றால் லாரி ஏன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை எனக்காகக் காத்து நின்றது? இப்போது சில கல்லூரிகள் நான் படித்த டிரிபிள் ஈ பிரிவையே மூடுகின்றன. அந்த லேபை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வரிசை போடுகின்றன. நாளைக்குப் பேனலைச் சோதிக்க ஆள் கிடைக்கவில்லை என்று இதே முதலாளிகள் மேடையில் பேசுவார்கள், திறமையான இன்ஜினியர்கள் இல்லை என்று பேட்டி கொடுப்பார்கள். இருந்தார்கள் சார். உங்கள் ஷெட்டில்தான் இருந்தார்கள். தாளை நீட்டி வெளியே அனுப்பினீர்கள்.

இதைப் படிக்கிறவர்களில் கம்பெனி நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் சம்பளப் பதிவேட்டை இன்றைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரே மேஜையில் ஒரே வேலை பார்க்கிற பெண்ணுக்கும் பையனுக்கும் என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் மகளுக்கு அதைக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். கல்லூரி நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். வாசலில் எங்கள் போட்டோவைப் போடும்போது பக்கத்தில் சம்பளத்தையும் போடுங்கள். அரசாங்கத்தில் இருப்பவர்களே, பரீட்சை அறிவித்தால் நடத்துங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் வைக்கிற கன்சல்டன்டுகளே, அதில் கையெழுத்துப் போட்டவர் யார், அவரை எந்தப் பதவியில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் ஒரு கேள்விக்கு அவர்கள் பயப்படுவார்கள். எங்கள் நூறு கேள்விக்குப் பயப்பட மாட்டார்கள்.

அப்பா இன்னும் தறி ஓட்டுகிறார். கடன் இன்னும் முடியவில்லை. முதல் கம்பெனிக்கு நான் மறுபடி கடிதம் எழுதியிருக்கிறேன், தபாலில், ஒப்புகையோடு. நான் கேட்டது தயவு இல்லை. நான் வேலை பார்த்த காலத்துக்கு, நான் பார்த்த வேலையின் பெயரை எழுதி, டெஸ்டிங் இன்ஜினியர் என்று ஒரு சான்று. என் கையெழுத்து உங்கள் ஃபைல் முழுக்க இருக்கிறது. உங்கள் கையெழுத்தை என் தாளில் போடுங்கள்.